பெயர் எழுத இடமில்லாத காடு

அந்த நிலத்துக்குப் பெயர் கிடையாது. பட்டாவில் ஒரு சர்வே எண் இருந்திருக்கும். காலனிக்காரர்கள் முள்ளுக்காடு என்றார்கள். அதன் உரிமையாளரான பால்காரர் ‘நம்ம புஞ்சை’ என்றார். மதுரைக்கு மேற்கே, நாகமலை தரையோடு தரையாகத் தாழ்ந்து முடியும் பக்கத்தில், எங்கள் காலனியின் கடைசித் தெருவுக்கும் கண்மாய்க்கரைக்கும் நடுவே அது நான்கு ஏக்கர் அளவில் கிடந்தது. நான் பள்ளியில் சேர்வதற்கு முன்பே அதில் உழவு நின்றுபோயிருந்தது. உழாத மண்ணில் முதலில் கொழிஞ்சியும் ஆவாரையும் வந்தனவாம். பின்னர் உடை மரங்கள் குடை விரித்தன. அவற்றின் அடியில் இலந்தையும் சங்கஞ்செடியும் அடர்ந்தன. கரையோரம் நாட்டுக் கருவேல மரங்கள் வரிசையாக நின்றன. சாலைப் பக்கத்தில் மட்டும் சீமைக் கருவேலம் ஒரு வேலிபோலப் படர்ந்து, உள்ளே இருப்பதை மறைத்தது. சாலையில் போகிறவர்களுக்கு அந்த வேலிதான் மொத்த நிலமும்.

உள்ளே போக ஆடுகள் நடந்து உண்டாக்கிய தடம் ஒன்று இருந்தது. குனிந்து போனால் சற்றுத் தொலைவில் நான்கைந்து பனைகளும் கொஞ்சம் வெட்டவெளியும் வரும். அங்கிருந்து கண்மாய் தெரியும். வைகைத் தண்ணீர் வந்து நிற்கிற ஆண்டுகளில் நத்தைகுத்தி நாரைகள் கருவேல மரங்களில் கூடு வைக்கும். கிளைகள் எச்சத்தால் வெளுத்து, சுண்ணாம்பு பூசியவைபோல நிற்கும். தண்ணீர் வராத ஆண்டுகளில் வெடித்த களிமண்ணும் கவுதாரிகளின் கூப்பாடும் மட்டும் இருக்கும். வராத ஆண்டுகளே அதிகம்.

நான் இளங்கலை படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்தார். அம்மா நகரத்துக்குள் ஒரு மிஷன் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அப்பாவை அடக்கம் செய்த வாரமே வேலைக்குத் திரும்பினாள். வகுப்பில் பேசினாள், வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். நானும் இயல்பாகவே அதிகம் பேசாதவள். சமையலறையில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நின்றாலும் பாத்திரங்களின் ஓசைதான் கேட்கும். அப்படிச் சில மாதங்கள் போயின. ஒரு நாள் காலையில் தனியாக நடக்கப் போன அம்மா, திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று, “செம்போத்து கூடு கட்டியிருக்கு. ரெண்டு குஞ்சு” என்றாள்.

அப்பா போன பிறகு அவளாகத் தொடங்கிய முதல் பேச்சு அது. அதன்பின் தினமும் காலையில் அந்த நிலத்துக்குப் போனாள். திரும்பி வந்து எதையாவது சொன்னாள். ஆவாரை பூத்துவிட்டது என்பாள். கீரிப்பிள்ளை குறுக்கே போனது என்பாள். அங்கிருந்து தொடங்கி அப்பாவைப் பற்றியும், வாங்க வேண்டிய அரிசியைப் பற்றியும், என் படிப்பைப் பற்றியும் பேச முடிந்தது. அவளுக்கு அந்த இடம் எதற்காக வேண்டும் என்று பின்னாட்களில் பலர் கேட்டார்கள். அவள் பறவைகளைப் பற்றிச் சொன்னாள், நிலத்தடி நீரைப் பற்றிச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று பேசாமல் இருந்தேன். எனக்குத் தெரிந்த காரணம் பொது இடத்தில் சொல்லக்கூடியதாக இல்லை.

ஒரு பங்குனி மாதத்துக் காலையில் பால்காரர் பாலை ஊற்றிவிட்டு உடனே கிளம்பாமல் நின்றார்.

“டீச்சர், புஞ்சையை வித்துரலாம்னு இருக்கோம். மாட்டையும் குடுத்துட்டு டி. கல்லுப்பட்டிப் பக்கம் மச்சினன்கூட வண்டித் தொழிலுக்குப் போறேன்.”

“யாரு வாங்குறா?”

“எவன் வாங்குவான் இந்த முள்ளை. தம்பிக்கும் பாதி இருக்கு. அவன் இந்தப் பக்கம் எட்டிப்பாத்தே எம்புட்டோ வருசமாச்சு. வந்த வெலைக்குத் தள்ளிவிடுண்ணேங்கிறான்.”

அம்மா பால் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். “நாங்க வாங்கிக்கிறோம்.”

“நாங்கன்னா? நீங்களும் பாப்பாவுமா?”

“காலனி, எங்க சபை, தெரிஞ்சவங்க எல்லாரும் சேர்ந்து. வாங்கி அப்படியே விட்டுருவோம். யாரு வேணாலும் வந்து நடக்கலாம், உக்காரலாம்.”

அவர் சிரித்துவிட்டார். “சும்மா விடுறதுக்கு நான் போதாதா டீச்சர்? இம்புட்டு வருசமா அதத்தான செஞ்சுக்கிட்டிருக்கேன்.”

ஆனால் மறுநாள் தம்பியிடம் பேசிவிட்டு வந்து, முள்ளு விலைதான், உங்களுக்கே தருகிறோம் என்றார். பணம் சேர்க்க ஆனிவரை கேட்டோம். ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள்; ஆகவே ஆவணி பிறக்கும்வரை நேரம் இருந்தது. எழுத்தில் எதுவும் வேண்டாம், வாய்ச்சொல் போதும் என்றார். அம்மாவும் போதும் என்றாள். தினமும் பால் ஊற்றுகிறவரிடம் ஒப்பந்தப் பத்திரம் கேட்பது அவளுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

எங்கள் காலனி நலச் சங்கத்தின் பெயரில் வாங்குவதாக முடிவாயிற்று. சங்கத்தின் செயலாளர் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காரியம் தெரிந்தவர், நல்லவர், எதையும் முத்திரை விழும் வடிவத்தில் பார்க்கப் பழகியவர். வேண்டுகோளை எழுதும் பொறுப்பு இலக்கிய மாணவி என்பதால் எனக்கு வந்தது. ‘கண்மாய்க்கரைக் காட்டைக் காப்போம்’ என்று தொடங்கியிருந்தேன். செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“ஏம்மா, காடுன்னு போட்டா எவன் காசு தருவான்? காடு இல்லாமப் பண்ணத்தான் சனம் காசு தரும். பூங்கான்னு போடு.”

“அது பூங்கா இல்லையே, அங்கிள்.”

“பூங்கா இல்லைதான். பத்திரம் நம்ம கைக்கு வரட்டும், அப்புறம் அதை நீ காடுன்னு கூப்பிடு, கடல்னு கூப்பிடு.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் காட்டை அடித்துவிட்டுப் பூங்கா என்று எழுதினேன்.

சபையில் பிரியாணி டோக்கன் போட்டோம். ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் அறிவிப்பு செய்தார். ஆலயத்தின் பின்புறத்து வேப்பமரத்தடியில் அண்டாக்கள் ஏறின. வாலிபர் சங்கத்தார் பொட்டலம் கட்டினார்கள். “மாப்ள, ஒரு லெக் பீஸுக்கு எத்தன மரம்டா?” என்று ஒருவன் கேட்க, “ஒனக்கு எதுக்குடா லெக் பீஸு, முள்ளு மட்டும் போதும்” என்று இன்னொருவன் சொன்னான். அம்மா சிரித்தாள். அவள் அப்படி வெளியே கேட்கும்படி சிரித்ததை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

பிரியாணி விற்றுத் தீர்ந்தது. ஆனால் பிரியாணியால் நிலம் வாங்க முடியாது. பெரிய தொகைக்கு வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் அம்மாவை வண்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நான் காலனிகள் பலவற்றுக்கும் போனேன். கே.கே. நகரில் ஒரு டாக்டரின் மனைவி எங்களை உள்ளே அழைத்து, மோர் கொடுத்து, நான் எழுதிய வேண்டுகோளை முழுதும் படித்தார். அப்படி முழுதும் படித்தவர்கள் மிகச் சிலரே.

“நல்ல காரியம் டீச்சர். எங்க மாமனார் பேர்ல தர்றோம். பேரு எங்க வரும்?”

“பேரு எங்கயும் வராதுங்க. அந்த இடம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கும்.”

“ஒரு கேட்டு? ஆர்ச்சு?”

“இல்லைங்க.”

அவர் முகத்தில் அலட்சியம் இல்லை. உண்மையான குழப்பம்தான் இருந்தது. “அப்ப மாமனாருக்குன்னு என்ன இருக்கும் அங்க? மரத்துலயா எழுதுவீங்க?” என்றார். பிறகு, எங்களைப் புண்படுத்திவிட்டோமோ என்று நினைத்தவர்போல, இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவரச் சொன்னார்.

எல்லா வீட்டிலும் இதே கேள்வி வேறு வேறு சொற்களில் வந்தது. எங்கள் ஊரில் கொடுப்பவர்கள் குறைவில்லை. கோயிலுக்கும் ஆலயத்துக்கும் பள்ளிக்கும் அள்ளிக் கொடுக்கிறவர்கள்தான். ஆனால் கொடுத்தது ஒரு பொருளாக நிற்க வேண்டும். அந்தப் பொருளின் மேல் ‘உபயம்’ என்று எழுதி, இறந்துபோன ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். அதைப் பெருமைக்காகச் செய்கிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கோடையில் வீடு வீடாக உட்கார்ந்து கேட்ட பிறகுதான், பெரும்பாலோர் அதைத் துக்கத்தால் செய்கிறார்கள் என்று புரிந்தது. தங்கள் வீட்டில் இல்லாமல் போன ஒருவருக்கு வெளியே ஓர் இடம் பிடித்துத் தருகிறார்கள். நாங்கள் கேட்டதோ, எதையும் வைக்காமல், எதையும் எழுதாமல், ஓர் இடத்தை விட்டுவிடுவதற்கான பணம்.

வைகாசி பாதியில் எங்களிடம் தேவையானதில் ஒரு சிறு பங்குதான் இருந்தது. செயலாளர் வீட்டுக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“டீச்சர், நான் சொல்றேன்னு வருத்தப்படாதீக. நம்மாளுக ட்யூப்லைட்டுலயே வெளிச்சம் வராத அளவுக்குப் பேரு எழுதுறவுக. பேரு எழுத ஒரு இடத்தைக் காமிங்க, பணம் தன்னால வரும். காட்டைத் தொட வேணாம். அந்தப் பனைமரத்துக்கிட்ட சிமெண்ட் பெஞ்சு நாலு போடுவோம். ஆளுக்கொரு பெஞ்சு.”

அம்மா வெகுநேரம் யோசித்தாள். “பெஞ்சு மட்டும்தான்” என்றாள்.

“பெஞ்சு மட்டும்தான். அப்புறம் அங்க போறதுக்கு ஒரு பாதை. வயசானவுக குனிஞ்சு போக முடியுமா?”

பத்திரத்துக்கு முன்பே பெஞ்சும் பாதையும் போட்டுக்கொள்ளலாம் என்று பால்காரர் சொல்லிவிட்டார். பைபாஸ் ஓரத்துச் சிமெண்ட் பட்டறையில் பெஞ்சுகள் வார்க்கச் சொன்னோம். நான்கு என்று தொடங்கி இரட்டிப்பாயிற்று. கே.கே. நகர் அம்மையார் முதல் ஆளாக மாமனார் பெயரைக் கொடுத்தார். பணம் செயலாளர் சொன்னபடியே வந்தது. அம்மாவின் நம்பிக்கையும் கூடிக்கொண்டே வந்தது. இரவில் படுத்துக்கொண்டு, மழைக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை எந்த வழியாகக் கூட்டிப்போவது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதை போடுவதற்கு ஒருவர் தானாக முன்வந்தார். அம்மாவிடம் முன்பு படித்தவர். இப்போது சொந்தமாகப் பொக்லைன் வண்டி ஒன்று வைத்து ஓட்டுகிறார். பணமாகத் தர இயலாது, வண்டியின் உழைப்பைத் தருகிறேன் என்று வீட்டுக்கே வந்து சொன்னார். அம்மா அவரை நிலத்துக்கு அழைத்துப்போய், ஆட்டுத்தடத்தை ஒட்டி, பனைகள்வரைக்கும், ஓர் ஆள் கைவீசி நடக்கும் அகலம் போதும் என்று காட்டினாள். அவர் தலையாட்டினார். சரி என்பதற்கான தலையாட்டல் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அவர் வண்டி கொண்டுவந்த நாளில் அம்மா ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் இருந்தாள். நான் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தேன். மாலையில் இருவரும் ஒரே பேருந்தில் திரும்பினோம். நிறுத்தத்தில் இறங்கியதும் எனக்கு ஏதோ இடம் மாறி இறங்கிவிட்டதாகத் தோன்றியது. சாலையிலிருந்தே கண்மாய்க்கரை தெரிந்தது. எங்கள் நிறுத்தத்திலிருந்து கரை தெரிந்ததே இல்லை.

நான்கு ஏக்கரும் வெறும் மண்ணாகியிருந்தது. கோடைப் புழுதி இன்னும் அடங்கவில்லை. ஒரு மூலையில் எல்லா மரங்களும் வேரோடு குவிந்து கிடந்தன. உடை, இலந்தை, கருவேலம் என்று பிரித்தறிய முடியாதபடி முள்ளும் மண்ணும் பட்டையுமாக ஒரே குவியல். பச்சை மரம் பிளந்த வாசனை, வெட்டிய காய்கறியின் வாசனைபோல, சாலைவரை வந்தது. பனைகளை விட்டிருந்தார். ஆள்காட்டிக் குருவி ஒன்று மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது.

எங்களைப் பார்த்ததும் அவர் வண்டியிலிருந்து குதித்து இறங்கி வந்தார். முகமும் சட்டையும் செம்மண். “வாங்க டீச்சர். இப்பப் பாருங்க.”

“பாதை மட்டும்தானப்பா சொன்னேன்.”

“பாதை போட்டா அம்புட்டுத்தான் டீச்சர், ரெண்டு மழையில மூடிக்கிரும். காலையில ஏழுக்கெல்லாம் எறங்கிட்டேன். மதியச் சோத்துக்குக்கூடப் போகல.” அவர் மூச்சு வாங்கியபடி சிரித்தார். “நீங்கதான டீச்சர் வகுப்புல சொல்லுவீக. முள்ளை மேல வெட்டக்கூடாது, வேரோட பிடுங்கணும், இல்லாட்டித் தண்ணியெல்லாம் குடிச்சிரும்னு. கையை நீட்டச் சொல்லிச் சத்தியம்லாம் வாங்குனீகளே.”

அவர் சொன்னது உண்மை. எங்கள் பக்கத்தில் சீமைக் கருவேலத்தை ஒழிப்பதில் ஒரு காலத்தில் ஊரெல்லாம் வேகம் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். அம்மாவும் எடுக்கவைத்திருக்கிறாள். வகுப்பில் அவள் சீமைக் கருவேலம் என்று முழுதாகத்தான் சொல்லியிருப்பாள். வெளியே வந்த பிள்ளைகளின் நினைவில் முள் மட்டும் நின்றுவிட்டது. முள் இருந்தால் பிடுங்க வேண்டும். இந்த ஊரில் அதைத் தவறு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அம்மா அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “டீசலுக்கு எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டாள்.

“என்ன டீச்சர் இது. எங்கப்பா போனதுலருந்து அவரு பேர்ல நான் ஒண்ணும் செஞ்சதில்ல. இன்னைக்கு முழு நாளும் அவரு பேர்ல. நம்ம உபயம்.”

அம்மா அவர் தோளில் கைவைத்து, “வீட்டுக்கு வா, சாப்பிட்டுட்டுப் போ” என்றாள். அவர் வந்து சாப்பிட்டார். அம்மா பரிமாறினாள்.

செயலாளர் எடுத்த புகைப்படங்கள் அன்றே வாட்ஸ்அப் குழுக்களில் பரவின. ‘இப்பத்தான் பார்க் மாதிரி இருக்கு’ என்று கைகூப்பிய படங்களோடு செய்திகள் வந்தன. அதுவரை தயங்கியவர்களும் கொடுத்தார்கள். பெஞ்சுகள் வந்து பனைகளின் கீழ் இறங்கின. கே.கே. நகர் அம்மையார் காரில் வந்து, மாமனார் கண்மாயைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று திசை சொல்லிப் போட்டுக்கொண்டார். அந்தக் கோடையில் கண்மாயில் தண்ணீர் இல்லை. இருந்தாலும் அவர் வெகுநேரம் அங்கே நின்றார்.

அம்மா ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு காலையில் என்னையும் எழுப்பி அழைத்துப்போனாள். கரையோரமாகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். “இங்க வேர் இருக்கு. இதுவும் உயிரோட இருக்கு. கரைப் பக்கம் வண்டிச் சக்கரம் சரியா ஏறல” என்றாள். “இடம் நம்ம கையில வந்துட்டாப் போதும். யாரும் தொடாம பத்து வருசம் விட்டா எல்லாம் வந்துரும். நான் பார்க்கலைன்னாலும் நீ பார்ப்ப.” தேவையான பணத்தை நெருங்கிவிட்டோம். ஆவணி பிறக்க ஒரு மாதம்தான் இருந்தது. நானும் நம்பினேன்.

ஆடியில் பால்காரரின் தம்பி வந்தார். பத்திரத்துக்கு முன் ஒருமுறை இடத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தார். அதில் தவறு ஒன்றுமில்லை. நான் பேருந்துக்காக நின்றிருந்தேன். வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் சாலையோரத்தில் நின்று, இந்த முனையிலிருந்து கரைவரை கண்ணால் அளப்பதைப் பார்த்தேன். பிறகு அவர் உள்ளே நடந்துபோய், பெயர் எழுதிய பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து, செல்பேசியை மெதுவாக ஒரு வட்டமாகச் சுற்றிப் படம் எடுத்தார். அப்போது அவர் யாரென்று எனக்குத் தெரியாது.

இரண்டு நாட்கள் பால்காரர் வரவில்லை. மனைவிதான் பால் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் மாலையில், பாத்திரம் எதுவும் இல்லாமல், சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு வராமல் வாசலிலேயே நின்றார்.

“தம்பி கையெழுத்துப் போட மாட்டேங்கிறான் டீச்சர்.”

“ஏன்?”

“முள்ளாக் கெடந்தப்ப அவனுக்கு இடம் எம்புட்டுன்னே தெரியல. எனக்கே தெரியலயே. இப்ப ரோட்டுலருந்து கரைவரைக்கும் தொடச்சுவெச்ச மாதிரி இருக்கு. போட்டோவ யாருக்கோ அனுப்பியிருக்கான். பிளாட்டு போடுறவுக நேத்தே வந்துட்டாக. லெவல் பண்ற செலவுகூட மிச்சம்ங்கிறாக.”

“எவ்வளவு சொல்றாங்க?”

அவர் சொன்னார். நாங்கள் சேர்த்ததைப்போல அது பல மடங்கு.

“நாங்க இன்னும் சேர்ப்போம். கொஞ்சம் நேரம் குடுங்க.”

“நீங்க பிரியாணி போட்டுச் சேக்குறீக டீச்சர். அவுக ஒரு போன்ல ஏத்துறாக.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் அவன்கிட்டச் சண்டையே போட்டேன். வாக்குக் குடுத்துட்டேன்டான்னேன். வாக்குக் குடுத்தது முள்ளுக்குண்ணே, இந்த எடத்துக்கு இல்லங்கிறான்.”

அவர் படியில் இறங்கி, “என் பாதியை மட்டும் உங்களுக்குத் தரலாம்னு பாத்தேன். முன்னாடி பாதி இல்லாட்டிப் பின்னாடிப் பாதிக்கு வழியில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது எங்கள் வாசல் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஆவணி முதல் வாரத்தில் பத்திரம் பதிவாயிற்று, எங்கள் பெயருக்கு அல்ல. வெள்ளைக் கற்கள் ஊன்றப்பட்டன. பல நிறக் கொடிகள் கட்டிய கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. அம்மா வேர் இருக்கிறது என்று காட்டிய கரையோரத்தில் தார்ச்சாலை வந்தது. பெஞ்சுகளை எடுத்துக்கொள்ளும்படி பொறுமையாகவே சொல்லி அனுப்பினார்கள். செயலாளர் ஒரு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து காலனிச் சமுதாயக் கூடத்தின் பக்கவாட்டில் அடுக்கிவைத்தார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தாள். ஆனால் வாங்குகிறவர்கள் இல்லை. சபையில் சிலர், காணிக்கையாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது முறையல்ல என்றார்கள். இறந்தவர் பெயரில் கொடுத்தவர்கள் இன்னும் கடுமையாக மறுத்தார்கள். திருப்பி வாங்கினால் அவரையே திருப்பி அனுப்பியதுபோல ஆகும் என்று கே.கே. நகர் அம்மையார் தொலைபேசியில் அழுதார். கூட்டம் போட்டார்கள். காலனியின் நடுவில், மனைப் பிரிவு போட்ட காலத்திலேயே பூங்காவுக்கென்று ஒதுக்கிய ஒரு சிறு இடம் குப்பைமேடாக இருந்தது. அதைச் சீர்செய்து பெஞ்சுகளை அங்கே போடலாம் என்று செயலாளர் சொன்னார். எல்லோரும் கைதூக்கினார்கள். அம்மாவும் தூக்கினாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவள் கையைப் பார்த்தேன். தோளுக்கு மேல் போகவில்லை அந்தக் கை.

கார்த்திகையில் திறப்பு விழா நடந்தது. இப்போது அங்கே சுற்றுச்சுவர் உண்டு. தரை முழுதும் சாம்பல் நிறக் கற்கள் பாவியிருக்கிறார்கள். நெகிழியில் ஒரு சறுக்கு மரம், நான்கு மின்கம்பங்கள், பெயர்களோடு ஓர் ஆர்ச். இடம் குறுகலாக இருப்பதால் பெஞ்சுகள் அனைத்தும் சுவரோரமாக நெருக்கிப் போடப்பட்டு, ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. கே.கே. நகர் அம்மையார் மாமனாரின் பெஞ்சில் உட்கார்ந்து, எழுத்துகளை முந்தானையால் துடைத்தார். அவர் நிறைவாக இருந்தார். நான் அதில் குறை காணவில்லை.

அம்மாவைப் பேச அழைத்தார்கள். அவள் காட்டைப் பற்றிப் பேசவில்லை. கொடுத்தவர்கள் எல்லோருடைய பெயரையும், ஒன்று விடாமல், வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் குரலில் வாசித்தாள். பொக்லைன்காரருடைய தந்தையின் பெயரும் அதில் இருந்தது. கைதட்டினார்கள். அவள் மேடையிலிருந்து இறங்கி, பெஞ்சு எதிலும் உட்காராமல், கேட்டின் அருகே போய் நின்றுகொண்டாள்.

கூட்டம் கலையும்போது பொக்லைன்காரர் எங்களிடம் வந்தார். குப்பைமேட்டை அள்ளிச் சமப்படுத்தியதும் அவருடைய வண்டிதான். அதற்கும் அவர் காசு வாங்கவில்லை.

“அந்த எடம் கைவிட்டுப் போயிருச்சே டீச்சர். மனசே ஆறல. நம்ம சுத்தம் பண்ணுனது எவனுக்கோ ஆயிருச்சு.”

“விடுப்பா.”

“எங்கப்பா பேர்ல செஞ்சது வீணாப்போச்சுல்ல?”

“வீணாகல” என்றாள் அம்மா.

அவளால் அந்த ஒரு வாக்கியத்தில் வேறு எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்க முடியும். சொல்லமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவர் ஆறுதலடைந்தார். வெறும் கற்களாகக் கிடந்த தரையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மூலையில் கற்கள் பாவாமல் மண் விட்டிருந்தார்கள்.

“அங்க ஒரு கன்னு ஊண்டிருவோம் டீச்சர். நானே கொண்டுட்டு வாரேன். என்ன கன்னுன்னு மட்டும் சொல்லுங்க. முள்ளு இல்லாததாப் பாத்துச் சொல்லுங்க.”

அம்மா அந்த மண்ணைப் பார்த்தாள். “புங்கை வை” என்றாள்.

அவர் செல்பேசியில் அதைக் குறித்துக்கொண்டார். நாங்கள் வீட்டுக்கு நடந்தோம்.